தண்ணீரைக் கொட்டியது டொங்கான்

வாசகர் கடிதம்:

என் மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு மூன்று. மகள் எந்நேரமும் எதையாவது கற்பனை செய்துகொண்டே இருப்பாள். சில மாதங்களாக அவளோடு டொங்கான் என்று ஒருவன் இருக்கிறான். நம் கண்ணுக்குத் தெரியமாட்டான். குட்டையானவன், பச்சை முடி, மாடிப்படி ஏறத் தெரியாது என்கிறாள். அவனோடு பேசுகிறாள், சண்டை போடுகிறாள், சாப்பிடும்போது பக்கத்தில் இடம் விடச் சொல்கிறாள். அதுவரை சரி. இப்போதெல்லாம் தண்ணீர் கொட்டினாலும், தம்பி அழுதாலும், சுவரில் கிறுக்கல் இருந்தாலும் "நான் இல்லை, டொங்கான்" என்கிறாள்.

வீட்டில் ஓர் அட்டைப்பெட்டியைக்கூடத் தூக்கிப்போட முடியவில்லை. கூடம் முழுக்கக் கப்பல், குகை, ஆஸ்பத்திரி. தம்பி எதையாவது தட்டிவிட்டால் வீடே ரணகளம். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரம் பார்த்து அவள் பூனையாகிவிடுவாள். பூனைக்கு ஷூ கிடையாதாம்.

மாமியார், "குழந்தை காற்றோடு பேசுகிறது, டாக்டரிடம் காட்டு. பொய் வேறு சொல்லப் பழகிவிட்டது" என்கிறார். கணவர் அதற்கு நேர்மாறு. "இது பெரிய திறமை, ஓவிய வகுப்பில் சேர்ப்போம், போட்டிக்கு அனுப்புவோம்" என்கிறார். நான் வேலைக்கும் போய்விட்டு வந்து உட்காரும்போது, "அம்மா, நீதான் நோயாளி, படு" என்று இழுப்பாள். சில நாள் அழுகையே வந்துவிடுகிறது. இவளை நான் ஊக்குவிக்க வேண்டுமா, அடக்க வேண்டுமா? அடுத்த மாதம் ரயிலில் போகிறோம். டொங்கானுக்கும் டிக்கெட் எடுக்கச் சொல்கிறாள். என்ன பதில் சொல்வது?

குழந்தை உளவியல் ஆலோசகரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மாமியாரின் கவலைக்குப் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் அது உள்ளூர இருக்கிறது என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. டொங்கான் ஒரு நோய் அல்ல. அமெரிக்காவின் ஒரேகான் பல்கலைக்கழகத்தில் மார்ஜரி டெய்லர் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் இந்தக் கற்பனைத் தோழர்களைப் பற்றியே ஆராய்ந்தார். அவரும் அவரது குழுவினரும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், ஏழு வயதுக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் கற்பனைத் தோழர் இருந்த குழந்தைகள் 65 சதவீதம். பெயரும் குணமும் கொடுத்து உயிருள்ள ஆளாகவே நடத்தப்படும் பொம்மைகளையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. அப்படியே பார்த்தாலும் மூன்றில் இரண்டு பங்கு. இல்லாத குழந்தைகள்தான் சிறுபான்மை.

உண்மையில் எங்களைப் போன்றவர்கள் கவலைப்படுவது இதற்கு எதிர்ப்பக்கத்தில்தான். ஒன்றரை, இரண்டு வயது வாக்கில் ஒரு குழந்தை வெறும் கிண்ணத்தில் குடிப்பது போல நடிக்கிறதா, பொம்மைக்கு ஊட்டிவிடுகிறதா, கையில் கிடைத்த கட்டையைக் காதில் வைத்து "ஹலோ" என்கிறதா என்று கேட்போம். வளர்ச்சியைப் பரிசோதிக்கும் கேள்வித்தாள்களில் இது வழக்கமாக இருக்கும் கேள்வி. 'இல்லை' என்று பதில் வந்தால்தான் மேற்கொண்டு விசாரிப்போம். உங்கள் மகள் அந்தக் கேள்வியை எப்போதோ தாண்டிப் போய்விட்டாள்.

அடுத்த பயம், அவளுக்கு எது நிஜம் எது கற்பனை என்று தெரியாமல் போய்விடுமோ என்பது. தெரியும். டெய்லர் சொல்லும் ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆய்வாளர் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து, "உன் தோழன் எவ்வளவு உயரம்? எங்கே தூங்குவான்?" என்று சீரியஸாகக் கேட்டுக்கொண்டே போகும்போது, நடுவில் சில குழந்தைகளே நிறுத்தி, "அவன் நிஜம் இல்லை, தெரியும்தானே?" என்று ஞாபகப்படுத்துமாம். இந்தப் பெரியவருக்கு விஷயம் புரியவில்லையோ என்று குழந்தைக்குக் கவலை!

இதில் ஒரு சின்ன வளைவு உண்டு, அதையும் சொல்ல வேண்டும். 1991இல் பிரிட்டனில் பால் ஹாரிஸ் என்ற உளவியலாளரும் சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். நான்கு, ஆறு வயதுக் குழந்தைகளிடம் ஒரு காலிப் பெட்டியைக் காட்டி, இதற்குள் ஒரு பிராணி இருப்பதாகக் கற்பனை செய்துகொள்ளச் சொன்னார்கள். சிலருக்கு முயல், சிலருக்குப் பூதம். 'சும்மா கற்பனைதானே?' என்று கேட்டதற்குக் குழந்தைகள் தெளிவாக 'ஆமாம்' என்றார்கள். ஆனால் பெரியவர் அறையை விட்டுப் போகக் கிளம்பியபோது, பூதத்தைக் கற்பனை செய்த சில சின்னக் குழந்தைகள் போக வேண்டாம் என்றார்கள். தனியாக விடப்பட்டவர்களில் பலர் பெட்டிக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தார்கள். ஆக, கற்பனை என்று தெரிந்தும் 'ஒருவேளை இருந்துவிட்டால்?' என்ற சந்தேகம் அவர்களுக்கு வரும். (பெரியவர்களுக்கும்தான். பேய்ப்படம் பார்த்துவிட்டுத் தனியாகக் கழிப்பறைக்குப் போய்ப் பாருங்கள்.) அதனால் என்றைக்காவது அவள் தானே உருவாக்கிய ஒன்றுக்குப் பயந்து ராத்திரியில் அழுதால், "நீதானே கற்பனை செய்தாய், அப்புறம் என்ன பயம்?" என்று வாதாட வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, விளக்கைப் போட்டுக் கட்டிலுக்கு அடியில் ஒருமுறை சேர்ந்து பாருங்கள், போதும்.

சரி, பொய்க்கு வருவோம்.

டொங்கானைப் பற்றி அவள் சொல்வது எதுவும் பொய் அல்ல. பச்சை முடி என்றால் பச்சை முடிதான். யாரையும் ஏமாற்ற அவள் அதைச் சொல்லவில்லை. ஆனால் "தண்ணீரைக் கொட்டியது டொங்கான்" என்பது வேறு விவகாரம். அது கற்பனையில் பிறந்தது அல்ல, பயத்தில் பிறந்தது. பழியைத் தூக்கிப்போட அந்த நேரத்தில் கைக்கெட்டிய ஆள் டொங்கான், அவ்வளவுதான். அவன் இல்லையென்றால் தம்பி, தம்பி தூங்கிக்கொண்டிருந்தால் காற்று. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதால்தான் உங்கள் வீட்டில் டொங்கானுக்கே தடை போடுவதா என்ற பேச்சு வந்திருக்கிறது.

இந்த வயதில் இப்படிச் சமாளிப்பது எவ்வளவு சாதாரணம் என்பதற்கு 1989இல் நடந்த ஒரு பழைய சோதனை இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தைகளின் முதுகுக்குப் பின்னால் ஒரு பொம்மையை வைத்துவிட்டு, 'திரும்பிப் பார்க்கக் கூடாது' என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போய்விடுவார். கிட்டத்தட்ட எல்லாக் குழந்தைகளும் திரும்பிப் பார்த்தன. 'பார்த்தாயா?' என்று கேட்டபோது ஒப்புக்கொண்டவர்கள் பாதிக்கும் குறைவு. மூன்று வயதுக்கே அந்தச் சாமர்த்தியம் வந்துவிடுகிறது என்றால், ஐந்து வயதுக்காரி ஒரு பச்சை முடிக்காரனைச் சாட்சிக்கு அழைத்து வருவதில் ஆச்சரியம் என்ன?

ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்காதீர்கள் என்பதுதான் நான் சொல்லும் முதல் வேலை. கொட்டியது யார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்போது, இடுப்பில் கை வைத்துக்கொண்டு "யார் இதைச் செய்தது?" என்று கேட்டால், நாமே ஒரு பொய்யைக் கேட்டு வாங்குகிறோம். அதற்குப் பதிலாக இப்படி நடக்கலாம். தரையெல்லாம் தண்ணீர், டம்ளர் உருண்டு கிடக்கிறது, அவள் சுவரோரம் ஒட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"தண்ணீர் கொட்டிவிட்டது. துணி எங்கே?"

"நான் இல்லை. டொங்கான்."

"அப்படியா. சரி, டொங்கான் நம் கண்ணுக்குத் தெரியாதவன், அவனால் துணியைப் பிடிக்க முடியாது. நீயும் நானும் துடைத்துவிடுவோம். நீ அந்தப் பக்கம்."

அவ்வளவுதான். டொங்கான் இருக்கிறானா இல்லையா என்ற வழக்கு இங்கே தேவையில்லை. யார் கொட்டினாலும் துடைப்பது அவள் வேலை என்பது மட்டும் ஒவ்வொரு முறையும் மாறாமல் இருக்கட்டும். பழியை அவன் மேல் போட்டு ஒரு லாபமும் இல்லை என்று தெரிந்தால் அந்த வழக்கம் தானாகத் தேயும். துடைத்து முடித்த பிறகு, கோபமெல்லாம் அடங்கிய நேரத்தில், "கொட்டிவிட்டது என்று வந்து சொன்னால் நான் திட்ட மாட்டேன்" என்று சொல்லுங்கள். அப்புறம் அவள் வந்து சொல்லும்போது நிஜமாகவே திட்டாமல் இருங்கள். இதுதான் கஷ்டமான பகுதி, தெரியும்.

தம்பியை அடித்துவிட்டு டொங்கான் பெயரைச் சொன்னால் இந்த மென்மை வேண்டாம். "தம்பியை அடிக்கக் கூடாது. டொங்கானும் அடிக்கக் கூடாது, நீயும் அடிக்கக் கூடாது." ஒரே வரி, கண்ணைப் பார்த்து. பிறகு அழுகிற தம்பியிடம் போய்விடுங்கள்.

இதிலிருந்தே உங்கள் பெரிய கேள்விக்கும் பதில் வந்துவிடுகிறது. ஊக்குவிப்பதா, அடக்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் இரண்டும் இல்லை. அவள் மனதில் என்ன ஓடலாம் என்பதற்கு நீங்கள் எல்லை போட வேண்டியதில்லை. அந்த விளையாட்டின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதற்குத்தான் எல்லை வேண்டும். கூடத்தில் கப்பல் ஓடலாம், ஆனால் பாட்டி நடந்து போக வழி இருக்க வேண்டும். சுவர் கடலாகலாம், ஆனால் ஸ்கெட்ச் பேனா தாளில்தான். அவள் பூனையாகலாம், ஆனால் எல்லோரும் நேரத்துக்குக் கிளம்ப வேண்டும்.

அட்டைப்பெட்டி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே பேசலாம், ஏனென்றால் உங்கள் வீட்டில் தினமும் சண்டை தொடங்குமிடம் அதுதான்.

பெட்டி, துணி, கயிறு, மூடி போன்ற, 'இதற்குத்தான்' என்று தீர்மானிக்கப்படாத சாமான்களோடு குழந்தைகள் எப்படி விளையாடுவார்கள் என்பதைப் பெரியவர்கள் கவனிக்கத் தொடங்கிப் பல காலம் ஆகிறது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் எம்ட்ரப் என்ற இடத்தில் 1943இல், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோதே, பழைய பலகைகளும் உடைசல்களும் போட்டுக் குழந்தைகளே கட்டி விளையாட ஒரு மைதானம் திறந்தார்கள். சொரன்சன் என்ற நிலவடிவமைப்பாளரின் யோசனை அது. முறையாகக் கட்டிக்கொடுத்த விளையாட்டு மைதானங்களை விட, கட்டுமானம் நடக்கும் இடங்களிலும் குப்பைக் கிடங்குகளிலும் குழந்தைகள் ஆசையாக விளையாடுவதைப் பார்த்துத்தான் அவருக்கு இது தோன்றியது. ஆக, விலை கொடுத்து வாங்கிய பொம்மையை ஓரமாகத் தள்ளிவிட்டு அது வந்த பெட்டிக்குள் போய் உட்காருவது உங்கள் மகளின் தனிப்பட்ட விநோதம் அல்ல.

சாமான் அதிகமிருந்தால் விளையாட்டும் அதிகமாகும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் டொலீடோ பல்கலைக்கழகத்தில் செய்து 2018இல் வெளியான ஒரு சின்ன ஆய்வு உண்டு. 36 குழந்தைகள், ஒன்றரை முதல் இரண்டரை வயது வரை. அவர்கள் முன்னால் ஒருமுறை நான்கு பொம்மைகள், இன்னொரு முறை பதினாறு. நான்கு இருந்தபோது ஒவ்வொன்றோடும் கூடுதல் நேரம், கூடுதல் விதங்களில் விளையாடினார்கள். அந்தக் குழந்தைகள் உங்கள் மகனை விடவும் சின்னவர்கள்தான், ஆனாலும் வீட்டில் செய்து பார்க்கலாம். பாதிச் சாமானை எடுத்துக் கண்ணில் படாமல் வையுங்கள். ஒரு மாதம் கழித்து அதை வெளியே எடுத்து இதை உள்ளே வையுங்கள். பழைய சாமான் புதிதாகிவிடும்.

பெட்டிகளுக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். கூடத்தின் ஒரு மூலை, அல்லது சோபாவுக்குப் பின்னால் உள்ள இடைவெளி. அங்கே கட்டியது ராத்திரி கலைக்கப்படாது என்று வாக்குக் கொடுங்கள். இது மிகவும் முக்கியம். குழந்தையின் விளையாட்டு ஒரு நாளில் முடிவதில்லை, நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று தொடர்கிறது. தினமும் மாலையில் எல்லாவற்றையும் எடுத்துவைக்கச் சொன்னால், அவள் தினமும் முதல் அத்தியாயத்தையே எழுதிக்கொண்டிருப்பாள். அந்த மூலைக்கு வெளியே இருப்பதெல்லாம் தூங்கப் போகும் முன் ஒதுங்கிவிட வேண்டும். மூலை நிறைந்துவிட்டால், புதியதற்கு இடம் வேண்டுமென்றால், எதைக் கலைப்பது என்று அவளே முடிவு செய்யட்டும். கலைக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். பல குழந்தைகளுக்கு அந்தப் படம் போதும். அதுவும் போதாமல் அழுதால் ஒரு நாள் கூடுதல் அவகாசம் கொடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

அவள் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து ரகசியமாகத் தூக்கிப்போடுவதை மட்டும் செய்யாதீர்கள். உங்களுக்கு அது ஒரு கிழிந்த அட்டை. அவளுக்கு அதில் கதவு எங்கே, எஞ்சின் எங்கே, டொங்கான் தூங்குமிடம் எங்கே என்று எல்லாம் தெரியும். ஒருமுறை ரகசியமாகக் காணாமல் போனால், அப்புறம் உதவாத காகிதத்தைக்கூட விட மாட்டாள். கடிதத்தைப் படித்தால் உங்கள் வீட்டில் அது ஏற்கெனவே நடந்திருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

தம்பி. மூன்று வயதுக்காரன் அக்காவின் கப்பலைத் தட்டிவிடுவது பெரும்பாலும் குறும்பு அல்ல. அவனும் அந்த விளையாட்டில் சேர வேண்டும், எப்படிச் சேர்வது என்று தெரியவில்லை, அதனால் கையை வைக்கிறான், சரிகிறது. இரண்டு ஏற்பாடுகள் உதவும். ஒன்று, அவன் கைக்கு எட்டாத உயரத்தில் அவளுக்கு மட்டுமான ஓர் இடம். மேஜையின் மேல் ஒரு பகுதியோ அலமாரியின் ஒரு தட்டோ போதும். நுணுக்கமான வேலையெல்லாம் அங்கே. கத்தரிக்கோலும் பசையும் அங்கேயே இருக்கட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டும் கீழே வரட்டும். இரண்டாவது, தரையில் நடக்கும் விளையாட்டில் தம்பிக்கு ஒரு வேலை. "இவனுக்குக் கப்பலில் என்ன வேலை?" என்று அவளிடமே கேளுங்கள். அக்காக்கள் உடனே ஒரு பதவி கொடுத்துவிடுவார்கள், பெரும்பாலும் மிகக் கீழான பதவிதான். அவனுக்கு அதுவே பெரிய சந்தோஷம். எப்போதும் தம்பியைச் சேர்த்துத்தான் விளையாட வேண்டும் என்று மட்டும் கட்டாயப்படுத்தாதீர்கள். தனியாக இருக்க ஆசைப்படும் உரிமை ஐந்து வயதுக்கும் உண்டு.

காலை நேரப் பூனை. இதற்கு இரண்டு வழி வைத்திருங்கள், நாளைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். நேரம் இருந்தால் விளையாட்டுக்குள்ளேயே போய்விடுங்கள். "இந்தப் பூனை நாலு காலில் இரண்டுக்கு மட்டும் ஷூ போடும் வகை" என்று சொன்னால் நாற்பது நொடியில் வேலை முடிந்துவிடும். இது தந்திரம் மாதிரித் தெரியும். ஆனால் இதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933லேயே சொன்னார்: பாவனை விளையாட்டு என்பது இஷ்டத்துக்கு எதையும் செய்வது அல்ல, அதில் கண்டிப்பான விதிகள் உண்டு, 'அம்மா'வாக நடிக்கும் குழந்தை அம்மா செய்வதை மட்டுமே செய்ய முடியும். அதற்குப் பிந்தைய ஒரு சோவியத் ஆய்வில், அசையாமல் நில் என்று சும்மா சொன்னபோது நிற்க முடியாத பிள்ளைகள், காவல்காரனாக நடிக்கும்போது அதைவிட நீண்ட நேரம் நின்றார்கள். தனக்குத் தானே கட்டளை போட்டுக்கொள்ளும் பழக்கத்தைக் குழந்தை இப்படித்தான் பயில்கிறது. ஷூ போடும் பூனை அவளுக்கு ஷூவை விடச் சுலபம்.

நேரம் இல்லாத நாளில் நாடகம் வேண்டாம். "பூனை விளையாட்டு சாயங்காலம் தொடரும். இப்போது ஷூ" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு நீங்களே மாட்டிவிடுங்கள். தினமும் கதை சொல்லித்தான் ஷூ போட வேண்டும் என்றால் உங்கள் கற்பனைதான் முதலில் வற்றிப்போகும். விளையாட்டைப் பாதியில் வெட்டினால் எந்தக் குழந்தைக்கும் கோபம் வரும் என்பதால், ஐந்து நிமிடம் முன்பே ஒரு தகவல் கொடுங்கள். 'ஐந்து நிமிடம்' என்ற அளவு அவளுக்குப் புரியாது. "கப்பல் இன்னும் ஒரே ஒரு தீவுக்குப் போய்விட்டு வரலாம், அப்புறம் கிளம்புகிறோம்" என்பது புரியும்.

இனி உங்கள் கணவர். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, பெருமைப்படும் அப்பா கிடைப்பது நல்ல விஷயம்தான். ஆனால் போட்டி, சான்றிதழ் என்று அவசரப்பட வேண்டாம் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. 1973இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக வளாகத்தின் மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பேனாவால் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள குழந்தைகளையே தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதியினரிடம், 'வரைந்தால் பரிசுச் சான்றிதழ் உண்டு' என்று முன்கூட்டியே சொன்னார்கள். ரிப்பனும் தங்க நிற முத்திரையும் வைத்த சான்றிதழ். இரண்டாம் பகுதிக்குச் சொல்லாமல் பிறகு கொடுத்தார்கள். மூன்றாம் பகுதிக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, வகுப்பில் பேனாக்களைச் சும்மா வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசுக்காக வரைந்த குழந்தைகள் மற்றவர்களைப் போலப் பாதி நேரம்தான் அவற்றைத் தொட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை. ஆசையாகச் செய்துகொண்டிருந்ததைக் கூலிக்குச் செய்யும் வேலையாக மாற்றிவிடக் கூடாது, விஷயம் இவ்வளவுதான்.

வகுப்புக்கு அனுப்பவே கூடாதா என்றால், அவளே கேட்டால் அனுப்புங்கள். போவதற்கு முன் ஒருநாள் போய்ப் பாருங்கள். எல்லாக் குழந்தையும் ஒரே மலையும் ஒரே சூரியனும் வரைந்துகொண்டிருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். வீட்டில் நிறையத் தாளும் நான்கு வண்ணக் கிரையானும் இருந்தால் இந்த வயதுக்குப் போதுமானது.

அவள் படத்தைக் கொண்டுவந்து நீட்டும்போது என்ன சொல்வது என்பதும் ஒரு கலை. "ஆஹா, சூப்பர்" என்று போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொல்வது அவளுக்கு நன்றாகவே தெரியும். "இது என்ன?" என்று கேட்டால், பார்த்தவுடன் புரியவில்லை என்று ஆகிவிடும். பார்த்ததைச் சொல்லுங்கள். "இந்தப் பக்கம் முழுக்க நீலமாகவே போட்டிருக்கிறாயே. இந்தச் சின்னதுக்கு மட்டும் எத்தனை கால்!" அப்புறம் காத்திருங்கள். கதை தானாக வரும். தலையிலிருந்தே கால் முளைக்கும் மனிதர்களை வரைந்தால், 'வயிறு எங்கே?' என்று திருத்த வேண்டாம். நான்கு வயதையொட்டி ஏராளமான குழந்தைகள் மனிதரை அப்படித்தான் வரைகிறார்கள். வயிறு தானே வரும். அவளுக்காக நீங்கள் வரைந்து கொடுக்கவும் வேண்டாம். உங்கள் யானையைப் பார்த்த பிறகு அவளுடைய யானை அவளுக்கே பிடிக்காமல் போகும்.

உங்கள் களைப்புக்கு வருகிறேன். கடிதத்தில் அதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள், ஆனால் என்னைப் பொறுத்தவரை கடிதத்தின் முக்கியமான வரி அதுதான். கற்பனை மிகுந்த குழந்தையின் அம்மா நாள் முழுக்க அதோடு நடிக்க வேண்டும் என்று எங்கும் சட்டம் இல்லை. தினமும் ஒரு பத்து, பதினைந்து நிமிடம், போனைத் தள்ளி வைத்துவிட்டு, அவள் கொடுக்கும் வேடத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் இயக்குநர் அவள். நீங்கள் யோசனை சொல்லக் கூடாது, பாடம் நடத்தக் கூடாது, "ஆஸ்பத்திரியில் எத்தனை கட்டில், எண்ணு பார்க்கலாம்" என்று நைசாகக் கணக்கைப் புகுத்தக் கூடாது. நேரம் முடிந்ததும், "நோயாளிக்குக் குணமாகிவிட்டது, வேலைக்குப் போகிறார்" என்று எழுந்துவிடலாம். முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்வாள். பரவாயில்லை. சற்று நேரம் 'போரடிக்குது' என்று உங்கள் பின்னாலேயே சுற்றுவாள். அதையும் தாங்கிக்கொண்டால், பெரும்பாலும் அடுத்த விளையாட்டு அதற்குள்ளிருந்தே கிளம்பும். அந்தச் சலிப்பு தாங்காமல் உடனே டிவியையோ போனையோ கையில் கொடுத்துவிடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. மகன் வயதுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. குறைந்தால் இன்னும் நல்லது. ஒருநாள் கூடிவிட்டால் குற்றவுணர்ச்சியில் உருகவும் வேண்டாம்.

நோயாளியாகப் படுக்கச் சொன்னால் இரட்டிப்பு லாபம். கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, "டாக்டர், எனக்கு ரொம்ப நேரம் ஓய்வு வேண்டும்" என்று சொல்லுங்கள். ஊசி கொஞ்சம் அதிகமாகவே விழும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்போது நிஜமாகவே மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்க வேண்டும் என்பதை மாமியாருக்கும் படித்துக் காட்டுங்கள். விளையாட்டைத் தன்னால் நிறுத்தவே முடியவில்லை என்ற நிலை. டொங்கான் தன்னையோ தம்பியையோ காயப்படுத்தச் சொல்கிறான், மறுக்க முடியவில்லை என்று நிஜமான பயத்தோடு சொல்வது. மற்றக் குழந்தைகளோடு சேர்வதை முற்றிலும் விட்டுவிடுவது. முன்பு நன்றாக வந்த பேச்சு, தூக்கம், சாப்பாடு திடீரென்று பின்னோக்கிப் போவது. ஒரே பயங்கரக் காட்சியை, சந்தோஷமே இல்லாமல், திரும்பத் திரும்ப விளையாடுவது. இவற்றில் ஏதாவது இருந்தால் தள்ளிப்போட வேண்டாம். டொங்கான் சொல் கேட்காதவன், சண்டைக்காரன் என்பது மட்டும் இந்தப் பட்டியலில் சேராது. கற்பனைத் தோழர்கள் தங்கள் பேச்சைக் கேட்பதில்லை என்று புகார் சொல்லும் குழந்தைகள் நிறைய.

இன்னொன்று. குழந்தைகள் நேராகச் சொல்ல முடியாததைச் சில நேரம் கற்பனைத் தோழன் வாயால் சொல்வார்கள். "டொங்கானுக்குப் பள்ளிக்கூடம் போகப் பிடிக்கவில்லை", "டொங்கானுக்கு அந்த மாமா தூக்குவது பிடிக்கவில்லை" என்று வந்தால், கையில் உள்ள வேலையை விட்டுவிட்டு உட்காருங்கள். "ஏன் பிடிக்கவில்லையாம்?" என்று மெதுவாகக் கேளுங்கள். பதிலை அவள் வாயில் நீங்கள் திணிக்காதீர்கள், துருவித் துருவியும் கேட்காதீர்கள். ஒரு காரணம் இல்லாமல் டொங்கானுக்கு அது பிடிக்காமல் போயிருக்காது என்று எடுத்துக்கொண்டு விசாரியுங்கள். டொங்கானைக் கேலி செய்து துரத்திவிட்ட வீட்டில் இந்த வழி அடைபட்டுப் போகும். மாமியாரிடம் நான் சொல்ல விரும்பும் வாதம் இதுதான். ஆய்வு, சதவீதம் எல்லாவற்றையும் விட இது அவருக்குச் சட்டென்று பிடிபடும்.

அவனை நீங்களாக வளர்க்கவும் வேண்டாம். "டொங்கான் இன்றைக்கு என்ன செய்தான்?" என்று தினமும் நீங்களே கேட்டுக்கொண்டிருந்தால், அவன் உங்கள் சொத்தாகிவிடுவான். அவள் பேச்செடுத்தால் பேசுங்கள். விருந்தாளிகள் முன்னால் "டொங்கான் பற்றிச் சொல்லு" என்று காட்சிப்பொருளாக்காதீர்கள். பள்ளிப் பருவத்தில் எப்போதோ அவன் வருவது குறைந்துவிடும். பல பெற்றோருக்கு அது நடந்ததே தெரிவதில்லை.

சாப்பிடும்போது பக்கத்தில் இடம் கேட்டால், இடம் இருக்கும் நாளில் விடலாம். யாராவது உட்கார வேண்டியிருந்தால் டொங்கான் எழுந்துகொள்ள வேண்டியதுதான். அவனுக்கென்று தனியாகச் சாப்பாடு பரிமாற வேண்டாம், வீணாகும்.

ரயில் டிக்கெட்டுக்கும் இதே விதி. "டிக்கெட் நம் நாலு பேருக்கு. டொங்கான் எங்கே உட்காருவான் என்று நீ யோசி" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். மடியிலோ, மேல் படுக்கையிலோ, ஜன்னல் கம்பியிலோ அவளே ஏற்பாடு செய்துவிடுவாள். மாடிப்படி ஏறத் தெரியாதவன் ரயில் படியில் எப்படி ஏறுவான் என்று மட்டும் தயவுசெய்து நீங்கள் கேட்டுவிடாதீர்கள். நடைமேடையில் அவனைத் தூக்கி ஏற்றும் வேலை உங்கள் தலையில் விழும், கையில் ஏற்கெனவே மூன்று பை இருக்கும்.